சகலைக்காகச் செய்த வண்டி

கண்ணாடிக் கடைக்காரரின் மானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அவருடைய காரின் தரை வழியாகக் கீழே விழுந்தது. கூடவே அவருடைய சகலையின் வலது காலும் விழுந்தது. காலை இழுத்து வெளியே எடுத்துவிட்டார்கள். மானத்தைத்தான் ஏழு வருஷமாக யாரும் எடுத்துத் தரவில்லை.

அது முட்டையைப் படுக்க வைத்தாற்போன்ற பழைய குட்டிக் கார். இன்ஜின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். கண்ணாடிக்காரர் வாங்கியபோதே அதற்கு அவரைவிட வயது அதிகம். சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆறடி உயரம், அதற்குக் குறையாத சுற்றளவு, மழை பெய்தாலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியையும் சொந்தச் சகலையின் கடையில் வாங்காமல் எதிர் வரிசைக் கடையில் வாங்கியவர். "சும்மா ஒரு ரவுண்டு போலாம், சகலை" என்று ஏறி உட்கார்ந்தார். தெருமுனை திரும்புவதற்குள் துருப்பிடித்த தகடு பிய்ந்து, கால் ரோட்டுக்குப் போய்விட்டது. பத்தடி தூரம் அவர் ஒற்றைக் காலால் காரோடு சேர்ந்து ஓடினார்.

அடிபட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். அடிபடவில்லை. சிரித்தார். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதைப் பாடத்தில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து டிரைவிங் ஸ்கூலில் முதல் வகுப்பே அதுதான்.

"ஒரு வண்டிக்கு முக்கியமா என்னய்யா வேணும்?"

பிரேக் என்பார் ஒருவர். ஸ்டியரிங் என்பார் இன்னொருவர்.

"தரை வேணும்யா, தரை!" என்று மேஜையைத் தட்டிவிட்டு, கதையைத் தொடங்குவார். ஒற்றைக் காலில் வகுப்பு முழுக்க ஓடியும் காட்டுவார்.

இதில் விதி செய்த வேலை என்னவென்றால், லைசன்ஸ் வாங்கப் போகிறவர்களுக்குக் கண் சர்டிபிகேட் வேண்டும். அதற்கு அவர்கள் வந்து நிற்பது கண்ணாடிக்காரரிடம். நாற்காலியில் உட்காருவார்கள், மோவாயைத் தாங்கியில் வைப்பார்கள், தோள் குலுங்க ஆரம்பிக்கும்.

"ஆடாம உட்காருங்க. கடைசி வரியைப் படிங்க."

"சார், அந்தத் தரையில்லாத கார் உங்களுதுதானே?"

ஏழு வருஷம். வாரத்துக்கு ஐந்தாறு பேர். ஒருமுறை, படிக்கும்போதே விக்கி விக்கிச் சிரித்த ஒருவனுக்கு "நிறக்குருடு" என்று எழுதிவிடலாமா என்று பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார். மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது. அதற்குமேல் கை போகவில்லை. அவனுக்குச் சரியாகவே எழுதிக் கொடுத்து, கண்ணாடி துடைக்க ஒரு துணியும் இலவசமாகக் கொடுத்தனுப்பினார். இவ்வளவு திறமையில்லாமல் பழிவாங்குகிறவனை உலகம் பார்த்திருக்காது என்று அவருக்கே தோன்றியது.

ஐந்தாவது வருஷம் அவரை உண்மையிலேயே கிளப்பிவிட்டது மனைவிதான். டிரைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். அக்கா கணவர் நடத்தும் ஸ்கூல் இருக்க வேறு எங்கே போவாள்? முதல் வகுப்பு முடிந்து வந்தவள் கைப்பையை வைக்கும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அந்தக் கதையைச் சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"நீ என்ன பண்ணின?"

"எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படிங்க உம்முனு இருக்கறது? அத்தான் நல்லா சொல்றாருங்க. அந்தக் கால் ஓடறது இருக்கே..." என்றவள் அதற்குமேல் அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் கார் ஷெட்டில் தார்ப்பாயை உருவி எறிந்தார்.

திட்டம் எளிது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் டிரைவிங் ஸ்கூலின் கடைசிப் பாடம் நடக்கும். சகலை தன் பெரிய வண்டியில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, செங்குத்தான அந்த ரோட்டில் எப்படி ஏறுவது என்று தானே ஓட்டிக் காட்டுவார். அந்த மேட்டில், அந்த ஏழு பேர் பார்க்க, இந்தக் குட்டிக் காரில் அவரை முந்த வேண்டும். முந்தும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தானே சிரித்துவிடுவார், சிரித்தால் பழி கெட்டுவிடும்.

வேலை இரண்டு வருஷம் இழுத்தது. கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், ஞாயிறு முழுநாள். முதலில் மொத்த வண்டியையும் பிரித்தார். கதவுகள் துணி காயப்போடும் கம்பியில் தொங்கின. முன் மூடி படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடுகளில் போட்டு, மேலே பேர் எழுதி அடுக்கினார். நூற்று நாற்பத்து மூன்று கூடுகள். மனைவி ஒருநாள் படிக்கும் கண்ணாடியைத் தேடி ஒரு கூட்டைத் திறந்து, பின் சக்கரத்து நட்டுகளை மூக்கில் வைக்கப் பார்த்தாள்.

காரின் வெறும் கூட்டைப் பழைய டயர்களின் மேல் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு, அழுகிய தரையை முழுக்க அறுத்தெடுத்தார். தரைக்கு அவர் வாங்கிய தகட்டைப் பார்த்துவிட்டு இரும்புக் கடைக்காரர், "லாக்கர் செய்றீங்களா சார்?" என்று கேட்டார். வெல்டிங்கை ஓட்டை உடைசலில் பழகி, மூன்று பனியன்களைப் பொசுக்கிக்கொண்டு கற்றார். பக்கத்துத் தெரு லேத்துப் பட்டறை அம்மா வந்து அவருடைய முதல் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார்.

"என்ன சார் இது, பறவை எச்சம் மாதிரி இருக்கு?"

"ஒட்டியிருக்கா இல்லையா, அக்கா?"

"எச்சமும் ஒட்டத்தான் செய்யும். அரைச்சுட்டு மறுபடி போடுங்க."

பழைய இன்ஜின் இரண்டு சிலிண்டர். தையல் மிஷின் ஓடுவதுபோல் சத்தம் போடும், ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போகும். அதை வைத்துக்கொண்டு சகலையை முந்துவது நடக்காத காரியம். உடைசல் கிடங்கில், முன்பக்கம் நசுங்கிய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. நான்கு சிலிண்டர். முறுக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அந்த இன்ஜினைக் கியரோடு சேர்த்துக் காரின் பின்சீட்டு இருந்த இடத்தில் உட்கார வைத்தார். அங்கிருந்து சங்கிலி போட்டுப் பின் சக்கரங்களைச் சுழற்ற வேண்டும். அதற்கான பல் சக்கரத்தையும் பிடிமானத் தகடுகளையும் லேத்து அம்மா கடைந்து கொடுத்தார். அளவு சொல்வதில் கண்ணாடிக்காரரை மிஞ்ச முடியாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சொல்லுவார். ரேடியேட்டர் முன்னால் பெட்டி வைக்கும் இடத்துக்குப் போனது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்தினார். எடை குறைய வேண்டும் என்று கதவின் உள்பலகை, பின்ஜன்னல் கண்ணாடி, ரேடியோ எல்லாம் போயின. உள்ளே பின்பார்வைக் கண்ணாடியும் மாட்டவில்லை.

"அது எதுக்கு? பின்னாடி வர்றது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

மனைவி இன்ஜினைப் பார்த்தாள். "நம்ம ரெண்டு பேரும் போனா, சாமான் பையை எங்கங்க வைக்கறது?"

"இது சாமான் வாங்கற வண்டி இல்ல."

"பின்ன?"

அவர் குனிந்து ஒரு நட்டை முறுக்கினார். மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒரு வேலையைச் செய்வது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை வண்டி உயிர் பெற்றது. ஷெட்டிலிருந்து நேராகத் தெருவுக்குப் பாய்ந்து, நான்கு தெருவைச் சுற்றி, திறந்திருந்த கேட் வழியாகத் திரும்ப வந்து, ஷெட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. காதில் ஒரு கூட்டம் தேனீ. முகத்தில், ஏழு வருஷத்தில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு.

மாலையில் லேத்து அம்மாவுக்கு ஓட்டிக் காட்டலாம் என்று ஏறி உட்கார்ந்தார். எதிரே சுவர். கியரை மேலே தள்ளினார். கீழே தள்ளினார். மறுபடி மேலே. பிறகு கையை எடுத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் லேத்து அம்மா.

"அக்கா, மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது."

"கிடையாதுதான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க கேட்கல, நான் கடையல. முந்தணும் முந்தணும்னுதானே சொல்லிட்டிருந்தீங்க." அவர் குனிந்து சங்கிலியைப் பார்த்தார். "பின்னாடி போறதுக்குத் தனியா ஒரு சின்ன மோட்டார் வைக்கலாம். பல் வெட்டி, பிராக்கெட் போட்டு... ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை!"

பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை கணக்குப் பார்த்த மனிதர், வண்டி என்றால் பின்னாலும் போக வேண்டியிருக்கும் என்பதை இரண்டு வருஷமும் நினைக்கவேயில்லை. லேத்து அம்மாவும் மனைவியும் ஆளுக்கொரு முன்விளக்கைப் பிடித்துத் தள்ள, முட்டைக் கார் பின்னால் உருண்டு தெருவுக்கு வந்தது. "இதை மட்டும் அத்தான் பார்த்தாரு..." என்று மனைவி தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவருக்கும் அதே பயம்தான். தரை போன கதைக்கு இரண்டாம் பாகம் கிடைத்துவிடும்.

ஞாயிறு காலை. மேட்டின் அடியில், புளியமரத்து நிழலில் முட்டையை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். பத்து மணிக்குச் சரியாகச் சகலையின் வண்டி வந்தது. உள்ளே ஏழு தலைகள். பேக்கரிக்கார அம்மா, ஒரு கம்பவுண்டர், இரண்டு கல்லூரிப் பெண்கள், மற்ற மூவர். எல்லாரும் அவரிடம் கண் காட்டிச் சிரித்துவிட்டுப் போனவர்கள்தான். வண்டி மேட்டில் பாதி ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு விட்டார்.

இன்ஜின் அவர் முதுகுக்குப் பின்னால் ஓலமிட்டது. இரண்டாவது கியரில் சகலையின் பின் சக்கரத்தை எட்டினார். மூன்றாவதில் ஜன்னல். ஏழு வாய்கள் திறந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவதில் மேடு காலியாக இருந்தது. ஆனந்தத்தில் அவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். அந்தச் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை.

ஆனந்தம் ஒரு வளைவுவரை இருந்தது. வளைவைத் தாண்டினால், தொட்டிவரை ரோடு ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். எதிரே தண்ணீர் லாரி, தளும்பத் தளும்ப இறங்கி வந்துகொண்டிருந்தது. பிரேக் நன்றாகவே பிடித்தது. நான்கு டிஸ்க்.

"ஃபுல் லோடுய்யா, மேல ஏறாது! நீ பின்னால எடு!" என்று லாரி டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

கண்ணாடிக்காரர் கியர்த் தண்டைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு உறைத்தது: நிற்பது மேட்டில். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை மெல்ல விட்டால் வண்டி தானாகப் பின்னால் உருளும். சரிவுக்கு யாரும் பல் வெட்டித் தர வேண்டாம். ரகசியம் காப்பாற்றப்பட்டது. நிம்மதியாகத் தலையை வெளியே விட்டுப் பின்னால் பார்த்தார்.

பின்னால் சகலையின் வண்டி, வளைவை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் இறங்கினால்தான் இவர் இறங்க முடியும்.

சகலை ரிவர்ஸ் போட்டார். கொஞ்சம் போனார், நின்றார். முன்னால் வந்தார். மறுபடி பின்னால். இடது பக்கம் பார்க்க ஒவ்வொரு தடவையும் முழுக் கழுத்தையும் திருப்பினார். பின் சக்கரம் பாறையின் ஓரக் கல்லில் ஏறி இறங்கியது. மூன்றாவது தடவை கைப்பிடிச் சுவரில் பம்பர் நொறுங்கிய சத்தம் கேட்டது. உள்ளே யாரோ அலறினார்கள்.

கண்ணாடிக்காரர் கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். நடக்கும்போதே மனம் துள்ளியது. ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஏழு பேர் பார்க்க, சுவரில் இடித்துக்கொண்டு நிற்கிறார்! இதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்றுதான் யோசனை. ஏழு வருஷத்துக்கு ஓடக்கூடிய கதை அல்லவா?

சகலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வியர்வை வழிய, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருஷக்கணக்கில் முதல்முறையாக அந்தக் கண்களைக் கண்ணாடிக்காரர் வெளிச்சத்தில் பார்த்தார். இடது கண்ணின் பாப்பா கறுப்பாக இல்லை. கஞ்சி ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. முற்றிய புரை.

இடது பக்கம் எதைப் பார்க்கவும் அவர் ஏன் முழுக் கழுத்தையும் திருப்பினார் என்பது புரிந்தது. கறுப்புக் கண்ணாடியும் புரிந்தது. எதிர் வரிசைக் கடையும் புரிந்தது.

"எத்தனை நாளா, அண்ணே?" என்றார் மெதுவாக.

சகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரொம்ப வருஷமாவே மங்கல். ஒரு வருஷமா சுத்தமா தெரியல. வெளிய தெரிஞ்சா ஸ்கூலை மூட வேண்டியதுதான்." அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. "சொல்லிடாதீங்க, சகலை."

பின்னாலிருந்து பேக்கரிக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன சார், மாஸ்டருக்கு என்ன ஆச்சு?"

ஏழு முகங்களும் இவரைப் பார்த்தன. வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம். நாளைக் காலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். இரண்டு வருஷம், மூன்று பனியன், நூற்று நாற்பத்து மூன்று கூடு, எல்லாம் எதற்காக?

"தப்பு என் மேலதாங்க" என்றது அவருடைய வாய். "என் வண்டியில ரிவர்ஸ் கியரே இல்ல. செய்யும்போது மறந்துட்டேன். நான் உருண்டு வந்து உங்க மேல மோதிடுவேனோன்னு மாஸ்டர் பதறிட்டாரு."

முதலில் கம்பவுண்டர் சிரிக்கத் தொடங்கினார். மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். "ரிவர்ஸை மறந்துட்டாராம்!" பேக்கரிக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரி டிரைவர்கூட இறங்கி வந்து விசாரித்துவிட்டுச் சிரித்தார். சிரிக்காதவர் சகலை மட்டும்தான்.

எல்லாரையும் இறக்கிவிட்டு, கண்ணாடிக்காரரே அந்தப் பெரிய வண்டியில் ஏறினார். பெடல் எட்டவில்லை. சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, கல்லிலும் படாமல் சுவரிலும் படாமல், வளைவைச் சுற்றி ஒரே வீச்சில் பின்னால் இறக்கினார். அடுத்து முட்டையையும் கீழே உருட்டி லாரிக்கு வழி விட்டுவிட்டு, பெரிய வண்டியின் சாவியைச் சகலையின் கையில் கொடுக்காமல் பேக்கரிக்கார அம்மாவிடம் கொடுத்தார். "நீங்க ஓட்டிட்டுப் போங்கம்மா. இன்னிக்கு உங்க டெஸ்ட்னு வெச்சுக்குங்க." பிறகு சகலையின் காதருகே குனிந்தார். "நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வரணும். வரலைன்னா பதினொரு மணிக்கு நான் லைசன்ஸ் ஆபீஸ்ல இருப்பேன்."

மறுநாள் சகலை ஒன்பதேமுக்காலுக்கே வந்துவிட்டார். கண்ணாடிக்காரர் அவசரப்படவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் இடிக்கும் அளவுக்கு அதைத் தாழ்த்தினார். அவருடைய வலது கண்ணை அட்டையால் மறைத்தார்.

"முதல் எழுத்தைப் படிங்க, அண்ணே."

"எங்க இருக்கு?"

"சுவத்துல."

"சுவர் எங்க இருக்கு?"

அந்தப் பதிலைக் கேட்டதும், அவ்வளவு காலம் அவர் ஊற வைத்திருந்த கோபத்தில் பாதி கரைந்தது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். டாக்டருக்குச் சீட்டு எழுதினார். ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வகுப்பு எடுக்கலாம், வாயால் மட்டும். ரோட்டுப் பாடத்துக்குப் பழைய மாணவர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும்.

"அந்தத் தரைக் கதையை இனி சொல்லமாட்டேன், சகலை" என்றார் அவர், மோவாயைத் தாங்கியிலிருந்து எடுக்காமலே. "ரிவர்ஸ் கதையும் என் வாயிலிருந்து வராது."

"அது உங்க இஷ்டம், அண்ணே. ஆடாம உட்காருங்க."

சகலை சொன்னபடியே செய்தார். அடுத்த வாரம் சர்டிபிகேட்டுக்கு வந்த இருவரும் கடைசி வரிவரை கணீரென்று படித்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். தோள் குலுங்கவில்லை. கண்ணாடிக்காரர் கதவுவரை அவர்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். கடை ரொம்ப அமைதியாக இருந்தது.

தினமும் சகலையை ஸ்கூலுக்கு யார் கொண்டு விடுவது என்ற பேச்சு வந்தபோது, "நான் விடறேன்" என்றார். மனைவியின் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க!" அவளுடைய அக்காவும் போனில் அழுதாள். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

காலை எட்டரைக்குச் சகலை மூன்றாக மடிந்து முட்டைக்குள் ஏறுவார். நான்கு சிலிண்டர் இன்ஜின் அவர் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில். கண்ணாடிக்காரர் தேவைக்குமேல் ஒரு முறுக்கு முறுக்குவார். அரைமணி நேரப் பயணத்தைச் சுற்றி வளைத்து நாற்பது நிமிஷம் ஆக்குவார்.

டிரைவிங் ஸ்கூல் ஒரு முட்டுச் சந்தின் கோடியில் இருந்தது. போய்விடலாம், திரும்பத்தான் முடியாது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிடறீங்களா?"

வாசலில் மாணவர்கள் வரிசையாக நின்று பார்ப்பார்கள். மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குட்டிக் காரின் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றிச் சந்து முனைவரை தள்ளுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், அண்ணே... அப்படித்தான்... இடது பக்கம் நான் பார்த்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று குரல் கொடுப்பார்.

மூன்றாவது வாரம் லேத்து அம்மா ஒரு பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். உள்ளே கைக்கு அடக்கமான மோட்டார், பளபளவென்று பல் வெட்டிய சின்னச் சக்கரம், பிராக்கெட்.

"ரிவர்ஸ் ரெடி சார். ரெண்டு மாசம்னு சொன்னேன், சீக்கிரமே முடிச்சுட்டேன். இன்னிக்கே மாட்டிடலாமா? அரைமணி நேர வேலை."

கண்ணாடிக்காரர் அந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. பெரிய கண்ணாடிக் கூடு ஒன்றைத் தேடி எடுத்து, அதில் வைத்து மூடி, அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினார்.

"என்ன அவசரம், அக்கா?" என்றார். "முதல்ல அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்."